பல்லிக்குக் கட்டிய சீலிங்

சுவர் பூசுகிறவனுக்குக் கலவை காலில் விழும், சீலிங் பூசுகிறவனுக்கு வாயில் விழும். எங்கள் தொழிலைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டதால் கோயிலுக்குப் போனால்கூட நான் சாமிக்கு முன்னால் கூரையைத்தான் பார்ப்பேன். எங்கேயாவது விரிசல் கண்ணில் பட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். அதை வெளியே சொல்ல முடியாது.

சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "நாலே நாள்ல முடிஞ்சிடும்" என்று சொன்ன மேஸ்திரியை நம்பி, வாசலில் மூன்று கல்லைக் கூட்டிப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்த அன்பர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அந்த மேஸ்திரி நான்தான். எங்கள் பக்கமும் கொஞ்சம் கஷ்டம் உண்டு என்று சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசி அது. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டும், மலை ஏற ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும். சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலைக்கு நானும் என் கூட்டாளி துரையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். துரை நல்ல வேலைக்காரன்தான், வேலை கண்ணில் படாதவரைக்கும்.

சாம்பாரில் ஒரு கைப்பிடி

மலைமேல் ஒரு மரவியாபாரியின் பழைய பங்களா இருந்தது. அதன் சமையலறைச் சீலிங் மூங்கில் தப்பையில் சுண்ணாம்பு பூசிய பழங்காலத்து வேலை. நடுவில் வயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் போன அன்று முதலாளியின் விருந்தாளிகள் வெளியே இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு குச்சியால் லேசாகத்தான் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து நேராக வந்து சாம்பார் அண்டாவில் விழுந்தது.

நான் ஆடிப்போய்விட்டேன். சமையல்காரர் ஆடவில்லை. கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார், கட்டியாகக் கிடைத்ததை எடுத்து வெளியே எறிந்தார், கரைந்துபோனதை அப்படியே வாளியில் ஊற்றிக்கொண்டு பந்திக்குக் கிளம்பினார். போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "சுண்ணாம்பு எலும்புக்கு நல்லதுங்க. நீங்க மேல பாருங்க, கீழ நான் பாத்துக்கறேன்."

கிழக்கு மூலை, மேற்கு மூலை

அந்தப் பங்களா வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளையண்ணன் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். புதூர்நாட்டுப் பக்கம் புளியும் பலாவுமாக நல்ல வசதியான விவசாயி. காட்டு மரத்தை ஏலம் எடுத்து வெட்டுகிற கூப்பு காண்டிராக்டர் ஒருவர் கட்டிவிட்டுப்போன ஓட்டு வீட்டை அவர் அப்பா வாங்கியிருந்தார். ஊரில் சீலிங் வைத்த ஒரே சமையலறை அந்த வீட்டில்தான் இருந்தது. அடுப்பை மேடையாக உயர்த்தி, ஜன்னலை அகலமாக்கி, புகைபோக்கி வைத்து, பழைய சீலிங்கைத் தட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். நான் நாடாவை நீட்டி அளவெடுக்கப் போனேன். "இரு மேஸ்திரி, கேட்டுக்கறேன்" என்று கையைக் காட்டினார்.

யாரைக் கேட்கப்போகிறார் என்று பார்த்தால், சீலிங்கை அண்ணாந்து பார்த்து நின்றார். அந்த வீட்டில் எந்தக் காரியமும் பல்லி சொன்னால்தான் நடக்கும். பஞ்சாங்கத்தில் இருக்கிற கௌளி பலன் எல்லாம் அவருக்கு ஆகாது. அவர் அப்பா காலத்துச் சொந்தச் சட்டம் ஒன்று இருந்தது. அடுப்பு இருக்கிற கிழக்கு மூலையில் பல்லி சொன்னால் சரி. தண்ணீர்ப் பானை இருக்கிற மேற்கு மூலையில் சொன்னால் கூடாது. ஒன்றுமே சொல்லாவிட்டால் ஊர் வழக்கம் எதுவோ அதுதான். மாடு விற்பதிலிருந்து ஓட்டுப் போடுவது வரைக்கும் இதே ஏற்பாடு.

"சீலிங்கு மாத்தலாமா?" என்று கேட்டார். அவர் மனைவி காளியம்மா அடுப்பங்கரையில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கிழக்கு மூலையிலிருந்து த்ச், த்ச், த்ச் என்று தெளிவாக வந்தது. வெள்ளையண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்லிடுச்சு. இப்ப அள மேஸ்திரி."

மாட்டுக் கொட்டாய் விருந்தாளி

துரை கடப்பாரையை எடுத்துப் பழைய சீலிங்கைத் தட்ட ஆரம்பித்ததும் பல வருஷத்துக் கரியும் ஒட்டடையும் எலி சேர்த்த புளியங்கொட்டையும் எங்கள் தலையில் கொட்டின. அதோடு சேர்ந்து, அந்தக் குடும்பத்தின் ஆலோசகர்கள் அத்தனை பேரும் வாலைத் தூக்கிக்கொண்டு சுவர் வழியே இறங்கிப் பலாமரத்துக்கு ஓடினார்கள். வெள்ளையண்ணன் வாசலில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தார். முகம் தொங்கிப்போய்விட்டது.

மறுநாள் ஒரு ஆள் மாடு வாங்க வந்தான். வழக்கம்போல வெள்ளையண்ணன் கேட்டார். மேற்கு மூலையிலிருந்து த்ச் என்று வரவும் வந்தது. அந்த ஆள் அண்ணாந்து பார்த்தான். சீலிங் இல்லை, ஓடு பிரித்த இடத்தில் வானம்தான் தெரிந்தது. "பல்லி எங்க உக்காந்து சொல்லுச்சு, மேகத்துலயா?" என்று சிரித்துவிட்டுப் பாதி விலைக்குப் பேச ஆரம்பித்துவிட்டான். வெள்ளையண்ணனுக்கு அவமானமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே மாட்டுக் கொட்டாயிலிருந்து ஒரு தடித்த பல்லியைக் கூடையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்து சமையலறைச் சுவரில் விட்டார். அது எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே கொட்டாய்க்கே போய்விட்டது. துரை அனுதாபத்தோடு உச்சுக் கொட்டினான். வெள்ளையண்ணன் வெறுங்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உடு. அதுக்கு மாட்டப் பத்தி மட்டும்தான் தெரியும்."

காளியம்மாவின் அவசரம்

வேலை நடக்கிற வீட்டில் வீட்டம்மா வந்து "எப்ப முடியும்?" என்று கேட்பது வழக்கம்தான். காளியம்மா அண்ணி மணிக்கொருதரம் கேட்டார். மரச்சட்டம் ஏற்றும்போது கேட்டார். ரீப்பர் அடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். கோழிக்கம்பி வலையை இழுத்துக் கட்டும்போது கம்பியின் இன்னொரு முனையை அவரே இழுத்துப் பிடித்தார். இத்தனைக்கும் வெளியில் மரத்தடியில் சமைப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, காற்றோட்டமாக இருக்கிறது என்றே சொன்னார்.

"அண்ணி, பூச்சு காயணும். அவசரப்பட்டா தலைல வுழுந்துடும்" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். வெள்ளையண்ணனின் அக்கா பாப்பம்மா, தன் மகன் கோவிந்தனுக்கு இந்த வீட்டுப் பெண் செல்வியைக் கேட்டு வெள்ளிக்கிழமை தட்டோடு வருகிறார். அத்தை மகன், முறை மாப்பிள்ளை. ஊர் வழக்கப்படி அவனுக்குத்தான் முதல் உரிமை. செல்விக்கு விருப்பமில்லை. காளியம்மாவுக்கும் இல்லை. ஆனால் தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவிடம் வெள்ளையண்ணன் வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல மாட்டார். பல்லிதான் சொல்ல வேண்டும். பாப்பம்மாவும் அதே வீட்டில் பிறந்தவர், பல்லி சொன்னால் கேட்டுக்கொள்வார். சொல்லாவிட்டால் வழக்கப்படி தாம்பூலம் மாற்ற வேண்டியதுதான்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? சீலிங்கு போட்டாலும் பல்லி உடனே வருமா? வந்தாலும் மேக்கு மூலைலதான் கத்தும்னு யாரு கண்டா?" என்று கேட்டேன். காளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். த்ச், த்ச், த்ச். எனக்குப் பின்னால் மேற்கு மூலையிலிருந்து வந்தது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டேன். அவர் முந்தானையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "கல்யாணமாயி வந்ததுல இருந்து இந்த வூட்டுப் பல்லி நான்தான் மேஸ்திரி. ஓடிப்போனதுங்கல்லாம் ஈ புடிக்க வந்ததுங்க. உக்காந்து கத்த எனக்கொரு சீலிங்கு வோணும், அவ்ளோதான்."

பேர் தெரியாத மாப்பிள்ளை

அதற்கப்புறம் சித்தாள் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. செல்வியே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கலவைச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். துரை பீடி பற்ற வைக்கப் போனால் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வாள். அப்படி ஒரு கண்காணிப்பில் அவன் வாழ்நாளில் வேலை செய்ததில்லை. "மேஸ்திரி அண்ணா, அந்த ஓரத்துல கம்பி தொங்குது" என்று கீழேயிருந்தே குற்றம் கண்டுபிடித்தாள். தொங்கத்தான் செய்தது.

ஒரு நாள் சாரத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது துரை கேட்டுவிட்டான். "கோவிந்தனுக்கு இன்னா கொறச்சல்மா? நிலம் கீது, ஆளும் வாட்டசாட்டமா கீறான். குடிக்கறதில்லன்னு வேற சொல்றாங்க." செல்வி கலவையை மண்வெட்டியால் இன்னொரு தரம் புரட்டினாள். கோபமாகப் பதில் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "பொறந்ததுல இருந்து பாக்கறான், ஒரு நாளு பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. 'ஏய்'னுதான் கூப்புடுவான். பத்திரிகைல 'ஏய்'னு அடிப்பாங்களாண்ணா?"

அதுவரைக்கும் எனக்கு அது இன்னொரு சமையலறை. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் பதற்றம் பிடித்துக்கொண்டது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். துரை முழுக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். "காப்பி குடிச்சா பதட்டம் வரும்னு கேள்விப்பட்டேன், எனக்கு இன்னும் வரல, அதான் நல்லா குடிச்சுக்கறேன்."

முதல் பூச்சு

அவசரத்தில் செய்த வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கலவையில் கொஞ்சம் தண்ணீர் கூடிவிட்டது. சுண்ணாம்பும் சரியாகப் புளிக்கவில்லை. போதாததற்கு மழை வேறு. கரணையால் அழுத்தி, மணியாஸ் கட்டை போட்டு மட்டமாகத் தேய்த்து, முழு அறையும் முடித்துக் கீழே இறங்கி நின்று பார்த்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது. துரை இடுப்பில் கை வைத்து, "இதுல முகம் பாத்து சவரம் பண்லாம்" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, நடுவில் ஒரு பாய் அளவுக்குக் கழன்று அவன்மேல் சாய்ந்தது.

நின்ற இடத்தில் வெள்ளைச் சிலையாக நின்றான். கண் மட்டும் பேந்தப் பேந்த விழித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த காளியம்மா அவனை ஒரு பார்வை, மேலே இருந்த ஓட்டையை ஒரு பார்வை பார்த்தார். ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கிற வீட்டம்மாவாக அவர் அப்போது இல்லை. "அய்யோ, மேக்கு மூல தப்பிச்சுதா?"

கங்குச் சட்டி

மறுபடி பூசினோம். இந்தத் தரம் கலவை கெட்டியாக, இரண்டு தடவையாகப் பிரித்துப் பூசினோம். பூச்சு நின்றது, ஆனால் காயவில்லை. மலைக் குளிரில் அது காய்வதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம். காளியம்மா அடுப்புக் கங்கைச் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து அறை முழுக்க வைத்தார். புகைபோக்கி இன்னும் திறக்காததால் புகை எல்லாம் உள்ளேயே சுற்றியது. வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டிய சீலிங் பழுத்த பலாச்சுளை நிறத்துக்கு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினைந்து வருஷத் தொழிலில் அப்படி ஒரு அசிங்கத்தை நான் ஏற்றியதில்லை.

வெள்ளையண்ணன் வந்து அண்ணாந்து பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் வலது பக்கம் நடந்தார், இடது பக்கம் நடந்தார், கிழக்கு மூலையையும் மேற்கு மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். "நெறம் கெடக்குது. பல்லி இருந்தா நம்பறாப்பல கீதா?"

வெள்ளிக்கிழமை

பாப்பம்மா வந்தபோது நான் ஏணிமேல் நின்று புகைபோக்கிப் பட்டையைப் பூசிக்கொண்டிருந்தேன். கனத்த சரீரம், கனத்த குரல். பட்டுப்புடவை சரசரக்க நேராகச் சமையலறைக்கே வந்து தட்டை வைத்தார். காளியம்மாவின் திட்டம் எனக்குத் தெரியும்: தண்ணீர் மொள்ளுகிற சாக்கில் மேற்கு மூலைக்குப் போய் நிற்பது. ஆனால் பாப்பம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து, "சம்மந்தியாவப் போறவ, பக்கத்துல உக்காரும்மா" என்று கிழக்கே அடுப்பு மேடையை ஒட்டிப் பாயில் தோளோடு தோளாக உட்கார வைத்துவிட்டார். கையை விடவும் இல்லை. அங்கிருந்து சத்தம் கொடுத்தால் கோவிந்தனுக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். காளியம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் செல்வியின் விரல்கள் மட்டும் தெரிந்தன. கதவு விளிம்பை அழுத்திப் பிடித்திருந்ததில் நகம் வெளுத்திருந்தது.

வெள்ளையண்ணன் பானையில் செம்பை முக்கி எடுத்துக்கொண்டு நின்றார். அக்காவைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார். "கோவிந்தனுக்குக் குடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் அண்ணாந்தோம். நான் போட்ட மஞ்சள் சீலிங்கில் ஒரு கொசுகூட இல்லை. காளியம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி முயற்சி செய்தேன். காலையிலிருந்து சிமெண்டு தின்ற வாய், காற்றுதான் வந்தது. பாப்பம்மா சிரித்துக்கொண்டே தட்டில் இருந்த வெற்றிலையை நிமிர்த்தி வைத்தார்.

அப்போதுதான் கேட்டது. த்ச், த்ச், த்ச். மேற்கு மூலை. பாப்பம்மாவின் கை வெற்றிலையிலேயே நின்றுவிட்டது. காளியம்மா வாயைப் பிளந்துவிட்டார். அவர் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கீழே இருந்தவர்கள் சீலிங்கைப் பார்த்தார்கள். ஏணிமேல் இருந்தவன் நான் ஒருவன்தான், அதனால் நான் கீழே பார்த்தேன். வெள்ளையண்ணன் செம்பை வாயில் வைத்திருந்தார். செம்பு சாயவில்லை. தொண்டையில் தண்ணீர் இறங்கவும் இல்லை.

"மேக்கால சொல்லிடுச்சுக்கா" என்றார், செம்பை இறக்கி, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு. பாப்பம்மா வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். கோபப்படுவார் என்று பயந்திருந்தோம். கதவுப் பக்கம் போய்ச் செல்வியின் தலையில் கை வைத்தார். "அப்பா வூட்டுப் பல்லி சொன்ன பெறவு நான் யாரு? தட்டுல கீற பழத்தையாவது துண்ணுங்க, நானு திருப்பித் தூக்கிக்கினு மலை எறங்க முடியாது."

ஜீப் வருகிறவரைக்கும்

மறுநாள் சாமான்களை ரோட்டோரம் அடுக்கிவிட்டு ஜீப்புக்குக் காத்திருந்தோம். வழியனுப்ப வெள்ளையண்ணன் வந்திருந்தார். துரை சாக்கின்மேல் தூங்கிவிட்டான். எனக்கு மனசு பொறுக்கவில்லை. "அண்ணா, நான் ஏணி மேல இருந்தேன்" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். பிறகு சொன்னார்: "அவதான் கத்தறான்னு தெரியாமயா மேஸ்திரி இத்தினி வருசம் கேட்டுக்கினு இருந்தேன்? பொண்டாட்டி சொல்லிக் கேட்டா ஊரு சிரிக்கும், பல்லி சொல்லிக் கேட்டா கும்புடும். நேத்து அவளால வாயத் தொறக்க முடியல. பொண்ணு எனக்கும்தான?"

அதற்கப்புறம் யார் வீட்டில் சீலிங் போடக் கூப்பிட்டாலும், அந்த வீட்டுப் பல்லி யார் என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் நான் ஏணியைச் சாய்த்தேன்.